பல் பிடுங்கும்போது வேர் சைனஸுக்குள் போய்விட்டது. எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

செண்பகா_தேனி:

வணக்கம். அம்மாவுக்கு வயது 58, சர்க்கரை இருக்கிறது. போன வாரம் மேல்வரிசையில் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல்லை எடுக்கப் போனோம். பல் பாதியிலேயே உடைந்துவிட்டது. மருத்துவர் வேர்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அண்ணத்துப் பக்கம் இருந்த வேருக்கு வந்தபோது சட்டென்று நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். "வேர்த்துண்டு மேலே சைனஸுக்குள் போய்விட்டது, ஒன்றும் செய்யாது" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது அம்மா தண்ணீர் குடித்தால் இடது மூக்கு வழியாகக் கொஞ்சம் வருகிறது. காபி குடிக்கவே பயப்படுகிறார். வேரை எடுக்கத்தான் வேண்டுமா? பல் மருத்துவரிடம் போவதா, இஎன்டி மருத்துவரிடம் போவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழனி_வேல்:

என் மாமாவுக்கும் இப்படித்தான் ஆனது. வேர் உள்ளேயே இருக்கிறது, பல வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. விட்டுவிடுங்கள் சகோதரி, சர்க்கரை உள்ளவர்களுக்கு எதற்கு ஆபரேஷன்?

டாக்டர்_மலர்விழி:

நான் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை செய்பவள். பழனிவேல் ஐயா சொல்வது சிலருக்குப் பொருந்தும். ஆனால் செண்பகா, உங்கள் அம்மாவுக்கு மூக்கு வழியாகத் தண்ணீர் வருகிறது. அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வாரத்துக்குள் அவரை ஒருவர் பார்க்க வேண்டும்.

மேல்தாடை எலும்புக்குள், கண்ணுக்குக் கீழே, மூக்குக்கு இரு புறமும் காற்று நிறைந்த அறை இருக்கிறது. அதைத்தான் இங்கே சைனஸ் என்கிறோம். பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி கொள்ளும். அந்த அறையின் தரைக்குக் கீழேதான் மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் நிற்கின்றன. சிலருக்கு நடுவில் நல்ல கனத்தில் எலும்பு இருக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இன்னும் சிலருக்கு எலும்பே இருக்காது, ஒரு மில்லிமீட்டர்கூட வராத சளிச்சவ்வுதான் வேரையும் சைனஸையும் பிரிக்கும். முதல் கடைவாய்ப்பல்லின் அண்ண வேர் அந்தத் தரையை ஒட்டி நிற்பதால், நுனி உடைந்து தனியாக நிற்கும்போது மேல்நோக்கி ஓர் அழுத்தம் கொடுத்தாலே உள்ளே போய்விடும்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. உள்ளே போன துண்டு, அது போன வழி. வழி 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் இரத்தம் உறைந்து தானாகவே மூடிக்கொள்ளும். அதைவிடப் பெரிதாக இருந்தால் குழிக்கு மேல் தையல் போட்டு அந்த உறைவைக் காப்பாற்ற வேண்டும். 7 மில்லிமீட்டர் அளவுக்குப் போனால் பக்கத்துத் திசுவை நகர்த்தி மூட வேண்டியிருக்கும். மூடாமல் விட்டால் வாயில் இருக்கும் கிருமியும் சாப்பாடும் நேராக சைனஸுக்குப் போகும். சில வாரங்கள் கழிந்தால் அந்த வழியின் சுவரில் தோல் போல வளர்ந்துவிடும், அதற்குப் பிறகு தானாக மூடவே மூடாது.

பார்க்கப் போகும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஸ்ட்ரா கூடாது, வேகமாகக் கொப்பளிக்கக் கூடாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் வீட்டில் செய்யாதீர்கள். அது நாங்கள் மெதுவாகச் செய்து பார்க்கும் சோதனை. வீட்டில் பலமாக ஊதினால் சின்ன ஓட்டை பெரிதாகிவிடும். சர்க்கரை அளவையும் இன்றே பார்த்துவிடுங்கள், புண் ஆறுவது அதைப் பொறுத்தது.

கதிரவன்87:

இது அப்பட்டமான கவனக்குறைவு. வழக்குப் போட்டால்தான் இவர்களுக்குப் புத்தி வரும். செண்பகா அக்கா, எக்ஸ்ரேயைப் பத்திரமாக வையுங்கள்.

டாக்டர்_மலர்விழி:

கதிரவன், எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைக்கச் சொன்னது சரி. ஆனால் வேர் உள்ளே போனதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று முடிவுகட்ட முடியாது. பக்கத்துப் பற்கள் எல்லாம் எப்போதோ விழுந்து, மேல் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் தனியாக நிற்கும் வாய்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சைனஸ் கீழே இறங்கி அந்தப் பல்லைச் சுற்றி விரிந்திருக்கும். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் அங்கே ஆபத்து உண்டு.

எதைத் தவறு என்பேன் தெரியுமா? படம் எடுக்காமலே பிடுங்க ஆரம்பிப்பது. உடைந்த வேரின் தலையில் எலிவேட்டரை (பல்லை நெம்பும் கருவி) வைத்து மேல்நோக்கித் தள்ளுவது. வேர் காணாமல் போன பிறகு குழிக்குள் கருவியை விட்டுக் குருட்டாம்போக்கில் துழாவுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியிடம் சொல்லாமல் விடுவது. அம்மாவைப் பார்த்தவர் நடந்ததை உடனே சொல்லியிருக்கிறார், படமும் எடுத்திருக்கிறார். அதை நான் மதிக்கிறேன். ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்து மூடாமல் அனுப்பியதுதான் சரியில்லை.

சொல்லாமல் விட்டதால் வரும் கேட்டைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். நோயாளிக்குத் தெரியாது, அவர் அடுத்து போகும் மருத்துவருக்கும் தெரியாது. சைனஸ் என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை ஓடும்.

இஎன்டி_நெல்லை:

மலர்விழி மேடம் கடைசியாகச் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் "சைனஸ் இருக்கிறது" என்றுதான் வருவார்கள். சாதாரண சைனஸ் தொல்லை பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அதே பக்கம் கன்னத்தில் கனம், தொண்டைக்குள் இறங்கும் சளி, கூடவே நாற்றம் என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத்தான் பார்ப்பேன். அந்த நாற்றம் நோயாளிக்கே தெரியும். "எனக்கு மட்டும் ஏதோ அழுகிய வாடை அடிக்கிறது டாக்டர்" என்பார்கள்.

இந்த அறைக்கும் பல்லுக்கும் உள்ள உறவு பழைய கதை. 1651-ல் இங்கிலாந்து மருத்துவர் நதானியேல் ஹைமோர் இந்த அறையை விரிவாக எழுதினார், இன்றும் சிலர் அவர் பெயராலேயே இதைக் குறிப்பிடுவார்கள். அவர் எழுதிய நோயாளி, பல் பிடுங்கிய குழி வழியாகச் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு பெண். அந்தப் பெண்ணே குழிக்குள் வெள்ளி ஊசியை விட்டுப் பார்த்து, அது அவ்வளவு தூரம் போவதைக் கண்டு பயந்துபோயிருக்கிறார்.

ஏன் சளி தங்குகிறது என்று கேட்பீர்கள். இந்த அறையின் இயற்கையான வாசல் தரையில் இல்லை, உட்சுவரில் மேலே இருக்கிறது. சவ்வின் மேல் இருக்கும் நுண்மயிர்கள் சளியை ஓயாமல் அந்த வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வேர்த்துண்டோ பஞ்சோ உள்ளே கிடந்தால் சவ்வு வீங்கும், வாசல் அடைபடும், உள்ளே இருப்பது சீழாகும். முன்பு கீழ்ப்பக்கம் புதிதாக ஒரு வாசல் வெட்டிவிடுவார்கள். ஆனால் நுண்மயிர்கள் அந்தப் புதிய வாசலைத் தாண்டியும் பழைய வாசலுக்கே சளியைக் கொண்டுபோகும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் இந்த ஓட்டத்தைப் பொறுமையாக ஆராய்ந்ததால்தான் இன்று மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டு அந்த இயற்கை வாசலையே அகலப்படுத்துகிறோம்.

வழக்கறிஞர்_இளங்கோ:

வழக்கு என்ற பேச்சு வந்ததால் சுருக்கமாக. 1995-ல் உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, கட்டணம் கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். புகார் செய்ய 2 ஆண்டுகள்தான் காலவரம்பு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம்.

உள்ளே ஒன்று இருப்பதே பின்னால்தான் தெரிந்தது என்றால் அந்த 2 ஆண்டுகளை எப்போதிலிருந்து எண்ணுவது? 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. 1993-ல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட ஒரு செவிலியருக்கு, 2002-ல் இன்னோர் அறுவையில் வயிற்றுக்குள் காஸ் துணி இருப்பது தெரிந்தது. தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் எடுத்துப் பேசியது. ஆனால் வலி இருந்தும் இத்தனை ஆண்டுகள் அறுவை செய்த மருத்துவரை அணுகவில்லை என்பதால் அவருடைய புகாரை ஏற்கவில்லை. தொந்தரவு தொடர்ந்தால் அதே மருத்துவரிடம் திரும்பப் போய், போனதற்கான சீட்டை வாங்கி வைப்பது சட்டத்தின் கண்ணிலும் முக்கியம்.

செண்பகா அம்மா விஷயத்தில் வழக்கு பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். முதலில் சிகிச்சை.

சிங்கை_ரஹீம்:

வேர் மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். எனக்கு இம்ப்ளான்டே உள்ளே போனது. மேலே பின்பக்கம் பல் கட்ட டைட்டானியம் திருகைப் பதித்து, சில மாதம் கழித்து மேல்மூடியைத் திறக்கும்போது திருகு சுழன்று மேலே போய்விட்டது. எனக்கு வலியே தெரியவில்லை. மருத்துவர் அன்றே என்னை அறுவை நிபுணரிடம் அனுப்பிவிட்டார். சிபிசிடி (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுத்தபோது சைனஸின் தரையில் கிடந்தது. பல்லுக்கு மேலே, உதட்டை உயர்த்தி, எலும்பில் ஒரு ஜன்னல் போல வெட்டி எடுத்தார்கள். கன்னம் வீங்கியது, மேலுதடு கொஞ்ச காலம் மரத்துப் போயிருந்தது, பிறகு சரியாகிவிட்டது.

இம்ப்ளான்ட் சுத்தமான பொருள்தானே, உள்ளேயே விட்டால் என்ன என்று அப்போது கேட்டேன். சரியான பதில் யாரும் சொல்லவில்லை. இங்கே கேட்கலாமா டாக்டர்?

டாக்டர்_மலர்விழி:

கேளுங்கள் ரஹீம் பாய், நல்ல கேள்வி. இம்ப்ளான்டை விட்டுவைக்காததற்குக் காரணம் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. இஎன்டி மருத்துவர் சொன்ன அதே நுண்மயிர்களும் மூச்சின் அழுத்தமும் சேர்ந்து அதை வாசலை நோக்கி நகர்த்தும். வாசலை அடைக்கலாம். மூக்கின் பின்னால் இருக்கும் மற்ற சைனஸ்களுக்கும், கண்குழிக்கும்கூட இம்ப்ளான்ட் போய்ச் சேர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தும்மலோடு மூக்கு வழியாக வெளியே வந்ததும் உண்டு. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மேல்தாடையின் பின்பகுதி எலும்பு மென்மையானது. பல் போன பிறகு கீழிருந்து எலும்பு தேயும், மேலிருந்து சைனஸ் இறங்கும். 5 மில்லிமீட்டர் எலும்புகூட மிஞ்சாத இடத்தில் திருகைப் பதித்தால் அது பிடிமானம் இல்லாமல் நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் சைனஸ் தரையை உயர்த்தி எலும்புத்தூள் வைத்து, அது உறுதியாகச் சில மாதம் காத்திருந்து, அப்புறம்தான் திருகு. இந்த முறையை 1980-ல் பாயின், ஜேம்ஸ் இருவரும் எழுதி வெளியிட்டார்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று விளம்பரம் பார்த்தால், என் எலும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.

உங்களுக்குச் செய்தது கால்டுவெல்–லுக் முறை. 1893-ல் நியூயார்க்கில் கால்டுவெல், 1897-ல் பாரிஸில் லுக், தனித்தனியாக எழுதியது. உதடு மரத்தது கண்ணுக்குக் கீழே வரும் நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால். இன்று முடிந்தவரை எண்டோஸ்கோப்தான். ஆனால் பெரிய பொருள் முன்பக்கத் தரையில் கிடந்தால் மூக்கு வழியாக எட்டுவது கடினம், அப்போது இந்தப் பழைய வழி இன்னும் கைகொடுக்கிறது.

பிடிஎஸ்_முகிலன்:

மேடம், படிப்பு முடித்து இந்த வருடம்தான் தனியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இந்த இழையைப் படித்ததிலிருந்து மேல் கடைவாய்ப்பல் என்றாலே கை நிதானமாகிவிட்டது. வேர் காணாமல் போன அந்த நிமிடத்தில் சரியாக என்ன செய்ய வேண்டும்?

டாக்டர்_மலர்விழி:

முதல் வேலை கையை நிறுத்துவது, தம்பி. நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள். வேர் சைனஸுக்குத்தான் போனது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். சக்ஷன் (எச்சில், இரத்தத்தை உறிஞ்சும் கருவி) பாட்டிலைப் பாருங்கள், காஸ் துணியை உதறிப் பாருங்கள், வாய்க்குள் நாக்குக்கு அடியில் பாருங்கள். விழுங்கியிருக்கலாம். இருமினாரா என்று கேளுங்கள், மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் அது வேறு அவசரம், உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அப்புறம் படம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படத்தில் சைனஸ் இருக்கும் இடத்தில் வேர் தெரிந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்புக்கும் சவ்வுக்கும் நடுவில், சவ்வு கிழியாமலே ஒளிந்திருக்கலாம். கன்னப் பக்கச் சதைக்குள் நழுவியிருக்கலாம், படத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சைனஸுக்குள் இருப்பது போலத் தெரியும். தலையை வேறு கோணத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்தால் வேர் இடம் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் அது சைனஸுக்குள் கட்டில்லாமல் கிடக்கிறது. சிபிசிடி வசதி இருந்தால் இந்தச் சந்தேகமே இருக்காது.

துண்டு 2, 3 மில்லிமீட்டர்தான், அந்தப் பல்லில் சீழ் இல்லை, சைனஸிலும் முன்பு தொல்லை இல்லை என்றால், குழி வழியாக உப்புநீர் விட்டு சக்ஷன் வைத்து ஒருமுறை முயன்று பார்க்கலாம். வரவில்லையா, விட்டுவிட்டுக் குழியை மூடி, நோயாளியிடம் தெளிவாகச் சொல்லி, எழுதி வைத்து, தொடர்ந்து கவனியுங்கள். பழனிவேல் ஐயாவின் மாமா இந்த வகையாக இருக்கக்கூடும். பெரிய துண்டு, முழுப்பல், சீழ் பிடித்த வேர் என்றால் அன்றே அனுப்பிவிடுங்கள். குழியைப் பெரிதாக்கி அதன் வழியாகத் தேடாதீர்கள். அப்படித் தேடினால், எளிதில் மூடியிருக்க வேண்டிய ஓட்டை மூட முடியாத ஓட்டையாகிவிடும்.

உடைந்த வேரை எடுக்க மேலே தள்ளும் விசையே வேண்டாம். ஈறை விலக்கி, வெளிப்பக்க எலும்பைக் கொஞ்சம் குறைத்து, வேர்களைத் தனித்தனியாகப் பிரித்து, பக்கவாட்டில் நெம்பி எடுங்கள். கூட அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

செண்பகா_தேனி:

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்குக் கூட்டிப்போனோம். சிபிசிடி எடுத்தார்கள். வேர் சைனஸுக்குள் பின்பக்கம் கிடந்தது, சவ்வு வீங்கியிருந்தது, ஓட்டையும் திறந்தே இருந்தது. சர்க்கரையை முதலில் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு இஎன்டி மருத்துவரும் வாய் அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்தார்கள். மூக்கு வழியாக வேரை எடுத்து, வாயில் கன்னத்துக் கொழுப்பை இழுத்து ஓட்டையை மூடினார்கள். வேரைக் குப்பியில் போட்டு எங்களிடம் காட்டினார்கள். முதலில் பார்த்த மருத்துவர் படங்களைக் கேட்டவுடன் கொடுத்தார், இரண்டு முறை போன் செய்தும் விசாரித்தார். வழக்கு எண்ணம் எங்களுக்கு இல்லை.

பழனி_வேல்:

மிகவும் மகிழ்ச்சி சகோதரி. மாமாவையும் ஒரு படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கோவை_வித்யா:

எனக்கு வேறு மாதிரி. சில வருடம் முன்பு மேல் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் செய்தேன். இப்போது வேறு வேலைக்காக ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) எடுத்தபோது, வேர் நுனியைத் தாண்டி அடைப்புப் பொருள் கொஞ்சம் சைனஸுக்குள் தெரிகிறது என்கிறார்கள். பூஞ்சை வரலாம் என்றும் சொன்னார்கள். 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு வந்த கருப்புப் பூஞ்சைதான் நினைவுக்கு வருகிறது. தூக்கமே இல்லை.

இஎன்டி_நெல்லை:

பயப்படாதீர்கள் வித்யா, அது வேறு, இது வேறு. 2021-ல் பார்த்தது திசுவைத் தின்றுகொண்டு பரவும் மியூகோர்மைகோசிஸ். இங்கே பேசப்படுவது பூஞ்சைப் பந்து. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சைனஸுக்குள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும். எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களுக்கு அது திசுவுக்குள் நுழைவதில்லை. எண்டோஸ்கோப் வழியாகச் சுத்தமாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சைக்கான மருந்தே தேவைப்படாது.

பல்லோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், ரூட் கெனால் சிமென்ட் பலவற்றில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. இந்தப் பூஞ்சை வளரத் துத்தநாகம் உதவுகிறது. சைனஸுக்குள் தள்ளப்பட்ட சிமென்டைச் சுற்றிப் பூஞ்சைப் பந்து உருவானதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காக அப்படிச் சிமென்ட் போன எல்லோருக்கும் வந்துவிடாது. ஒரு பக்கச் சளி, நாற்றம், கன்னத்தில் கனம் ஏதாவது இருக்கிறதா? உங்களுக்குப் போட்ட சிமென்ட் எது என்று பழைய மருத்துவரிடம் கேட்க முடியுமா?

கோவை_வித்யா:

கேட்டேன் டாக்டர். துத்தநாக ஆக்சைடு கலந்ததுதானாம். நாற்றம் இல்லை. அந்தப் பக்கம் அடிக்கடி சளி பிடிக்கும், நான் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். நாளை சிபிசிடி எடுக்கப் போகிறேன்.

இஎன்டி_நெல்லை:

நல்லது. ஸ்கேன் மையத்தில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பல்லுக்கு மட்டும் எடுக்கும் சிறிய படம் போதாது, சைனஸ் முழுவதும் அதன் மேல் வாசலும் படத்துக்குள் வர வேண்டும். பல் மருத்துவர் எழுதிய சீட்டில் பல் எண் மட்டும் இருந்தால் அவர்கள் சைனஸின் தரையோடு நிறுத்திவிடுவார்கள், வாசல் அடைபட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாமல் போகும், நீங்கள் மறுபடி ஒருமுறை கதிர்வீச்சு வாங்க வேண்டியிருக்கும். அறிக்கைத் தாளோடு படக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். சவ்வு லேசாகத் தடித்திருந்து வாசல் திறந்திருந்தால் காத்திருந்து பார்க்கலாம். அறை நிறைந்து, நடுவில் உலோகம் போல வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், கோவையிலேயே ஒரு இஎன்டி மருத்துவரைப் பாருங்கள். ரூட் கெனால் செய்த பல்லையும் பல் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். வேரில் கிருமி இருந்தால் மேலே எவ்வளவு சுத்தம் செய்தாலும் திரும்ப வரும்.